திருமலையில் ஓர் இரவு: மலைச்சாலைக்கு முந்தைய காலம்

காணிப்பாக்கம் விநாயகரை வணங்கிவிட்டுத் திருமலை செல்பவர் இன்று ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் அடிவாரத்தை அடைகிறார். மலைமேல் தங்கும் அறையைக் கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்கிறார். 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை நிலைமை வேறு. அலிபிரி வழியில் 3,550 படிகள்; சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. நடக்க இயலாதோரை டோலியில் சுமந்து சென்றனர். ஏறுவது ஒரு பகல் வேலைதான். ஏறிய பின் எங்கே படுப்பது, எதை உண்பது என்பதே உண்மையான சிக்கல்.

மலைவாசம் எளிதன்று என்ற நினைவு வைணவ மரபிலேயே பதிந்துள்ளது. திருவேங்கடமுடையானுக்குப் பூத்தொண்டு செய்ய அங்கே சென்று தங்குவார் யார் என இராமானுசர் வினவியபோது, குளிருக்கு அஞ்சிச் சீடர் பலர் வாளாவிருந்தனர் என்றும் அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். அவர் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி அவர் பெயரால் வழங்குகிறது. கடப்பாரை கோயில் வாயிலில் இன்றும் காணக் கிடைக்கிறது. கதையின் வரலாற்றுத்தன்மை எவ்வாறாயினும், மலையில் தங்குவதையே ஒரு துணிவாகக் கருதிய காலத்தை அது காட்டுகிறது.

உணவுச் சிக்கல் இதனினும் பெரிது. மலைமேல் நெல் விளைவதில்லை. வேண்டிய அரிசி முழுவதும் சமவெளியிலிருந்தே ஏறியாக வேண்டும். இதற்கான விடை கல்வெட்டுகளில் உள்ளது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அடியார்கள் அளித்த பணத்தைக் கோயில் தன் ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவதற்கு முதலீடு செய்தது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து இறைவனுக்குத் தளிகை படைக்கப்பட்டது. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். சாளுவ நரசிம்மன் காலத்தில் மலைமீதும் அடிவாரத்திலும் இராமானுச கூடங்கள் ஏற்பட்டன. கந்தாடை இராமானுச ஐயங்கார் அவற்றை நிருவகித்தார். கொடையாளியின் பங்கு இக்கூடங்களுக்கு ஒதுக்கப்பட்டு வைணவ யாத்திரிகரின் பசி தீர்த்தது. சாத்தாத வைணவர்க்கும் இந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது என்பதைத் தனித்துக் குறிக்க வேண்டும். எங்கோ ஒரு சிற்றூரின் ஏரி நிறைந்தால்தான் மலையில் ஒருவருக்கு இரவுச் சோறு கிடைத்தது! பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை இந்தப் பொருளாதாரத்தை விளக்கியது; எனினும் யாத்திரிகரின் வயிற்றிலிருந்து இதனை நோக்கியவர் சிலரே.

மறு கோடியில் ஏனுகுல வீராசாமி நிற்கிறார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவர், 1830 மே மாதம் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டுத் திருப்பதி வழியே சென்றார். 1838இல் அச்சேறிய அவரது தெலுங்குப் பயண நூல், தங்கிய ஊர்தோறும் சத்திரம் உண்டா, கடை உண்டா, தண்ணீர் எத்தகையது எனக் குறித்துச் செல்கிறது. பின்னால் வருவோர் முன்கூட்டித் திட்டமிட உதவும் குறிப்புகள் அவை. அப்போது கோயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேற்பார்வையில் இருந்தது. 1843இல் அது ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. 1933இல் தேவஸ்தான ஆட்சி ஏற்பட்டது. வீராசாமியிடம் ஆளும் பொருளும் இருந்தன. கைம்மூட்டையோடு ஏறிய ஏழைக்கு மண்டபத் தரையும் பிறர் அறமுமே துணை.

சாலை வந்தபின் அரிசி வண்டியில் ஏறியது, விடுதிகள் பெருகின. 1985இல் திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. அடியார் கொடையை வைப்பாக இட்டு, அதன் வட்டியில் சோறிடும் முறை அது. ஏரிக்குப் பதிலாக வங்கி. அந்த உணவுக்கூடம் இன்று தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் தாங்கி நிற்கிறது. அவர் சித்தூர்ப் பகுதியிலிருந்து வந்து மலையிலேயே வாழ்ந்து மறைந்த 18ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர்.