எவர்சில்வர் பட்டைக்கு இவ்வளவா? - கடிகாரச் செயினின் கதை

எவர்சில்வர் பட்டை ஒண்ணுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல கொடுக்கலாமா? கேள்வி இவ்வளவுதாங்க. ஸ்மார்ட் வாட்ச்சுக்கு மாட்டுற உயர்ரக ஸ்டீல் செயினோட விலை அங்கதான் போய் நிக்குது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொன்னா கௌரவமா இருக்கு. நம்ம வீட்டு அடுக்களையில அதுக்குப் பேரு எவர்சில்வர். கல்யாணச் சீர்ல வர்ற குடமும் அண்டாவும் எந்தச் சாதியோ, இதுவும் அந்தச் சாதிதான். உட்பிரிவுல வித்தியாசம் உண்டு, அதைப் பிறகு சொல்றேன்.

பதில் சொல்ற முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகலாம். செஞ்சிக்காரன் எதைப் பேசினாலும் கோட்டையைச் சுத்தித்தான் வருவான்னு நண்பர்கள் கிண்டல் பண்றது தெரியும். பரவாயில்லை.

1690-ல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்தில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களில் எவன் கையிலும் கடிகாரம் இருந்திருக்காது. நாழிகைக் கணக்குதான் ஊருக்கு. ஒரு நாழிகை 24 நிமிஷம், அறுபது நாழிகை ஒரு நாள். 'மணி' என்கிற கணக்கு இந்தப் பக்கம் ஆட்சி நடத்தியவர்கள் வாயில் புழங்க ஆரம்பித்தது பாண்டிச்சேரி வழியாக. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் (1736 - 1761) புரட்டியவர்களுக்குத் தெரியும், மனுஷர் காலை இத்தனை மணிக்கு இன்னது நடந்தது என்று ஐரோப்பியக் கணக்கில் சர்வ சாதாரணமாக எழுதிக்கொண்டு போவார். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்ததும் அவர் காலத்தில்தான். பதினோரு வருஷத்தில் அதை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டது வேறு கதை.

ஆக மணி வந்துவிட்டது. கையில் கட்டும் பட்டை வர இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் சங்கிலிதான் ராஜா.

பாக்கெட் கடிகாரம் கீழே விழாமல் இருக்கச் சங்கிலி. விக்டோரியா ராணியின் வீட்டுக்காரர் ஆல்பர்ட் மாட்டிக்கொண்டதால் அந்த மாதிரிக்கு ஆல்பர்ட் செயின் என்றே பேர். சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் என்ற கடையைப் பார்த்திருப்பீர்கள். 1849-ல் ஆரம்பித்தது. கடிகாரக் கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்தக் காலத்தில் அவர்கள் பெரிய நகை வியாபாரிகளும்கூட. சாமி உருவங்கள் பொறித்த வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பேர் போனவர்கள். கடிகாரமும் நகையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில் ஆச்சரியம் இல்லை. சங்கிலி என்பது அன்றைக்கு நகை. கோட்டுக்கு மேல் தங்கச் சங்கிலி தெரிந்தால் போதும், பாக்கெட்டுக்குள் இருக்கிற கடிகாரம் ஓடுகிறதா என்று யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இங்கேதான் நம்ம ஊர்க் கணக்கு ஒன்று வருது. அந்தச் சங்கிலிக்குக் காசு கொடுத்தவன் ஏமாளி இல்லை. கஷ்டம் வந்தால் சேட்டு கடையில் வைக்கலாம். கடிகாரம் நின்றுபோனாலும் சங்கிலிக்கு எடைக்கு எடை பணம். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சங்கிலியே வேண்டாம் என்றவரும் உண்டு. காந்தி. இடுப்பில் சாதாரணக் கயிற்றில் தொங்கிய கடிகாரம் எல்லாப் படத்திலும் தெரியும். அவருடைய ஜெனித் கடிகாரமும் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணமும் 2009-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது விலை 18 லட்சம் டாலர். எடுத்தவர் விஜய் மல்லையா (சிரிக்காதீங்கப்பா).

முதல் உலகப் போரில்தான் ஆம்பளைங்க கைக்குக் கடிகாரம் வந்து நிலைத்தது. அதுவரை கையில் கட்டுவது பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஒரு வீறாப்பு. பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியோடு பாக்கெட்டைத் துழாவ முடியாது, அதனால் பாக்கெட் கடிகாரத்துக்கே இரண்டு பக்கமும் கம்பி வளையம் பற்றவைத்து, தோல் வார் கோத்துக் கட்டினார்கள். தோலுக்கு நம்ம மாதிரி ஊரில் ஆயுசு குறைவு. வேர்வையில் ஊறி, நாறி, கடைசியில் இற்றுப் போகும். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத இரும்பைக் கண்டுபிடித்திருந்தார். அது பட்டையாக மாற ரொம்ப நாள் ஆகவில்லை. 1930-களில் பான்கிளிப் என்று ஒரு ஏணி மாதிரியான ஸ்டீல் பட்டை இங்கிலாந்தில் வந்தது, வெப்ப நாடுகளில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1959-ல் அமெரிக்காவில் ஸ்பைடல் கம்பெனி இழுத்தால் நீளும் ஸ்பிரிங் செயினைப் பிரபலமாக்கியது. நம்ம தாத்தாக்கள் கையில் முடியைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததே, அதே சாதி.

இனி உட்பிரிவு. வீட்டுப் பாத்திரத்தில் நல்ல ரகம் 304. அதாவது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவான பாத்திரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளி வருவது அதனால்தான். கடிகாரத்துக்கு 316எல். இதில் கூடுதலாக 2, 3 சதவீதம் மாலிப்டினம். உப்பை எதிர்த்து நிற்க வைப்பது அந்த மாலிப்டினம்தான். உப்பு என்றால் கடல் மட்டும் இல்லை, நம்ம வேர்வையும்தான். மே மாசம் ராஜகிரி ஏறிப் பாருங்கள். கிட்டத்தட்ட 800 அடி உயரம், எல்லாம் கருங்கல் படி, பாறை அனல் கக்கும். பாதி தூரத்திலேயே மணிக்கட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மலிவான முலாம் பூசிய செயின் இந்த உப்பில்தான் உரிய ஆரம்பிக்கும்.

எவர்சில்வரில் நமக்கு உரிமையும் இருக்கிறது. சேலம் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1981-ல் உற்பத்தி தொடங்கியது. நாணயம் அடிக்கும் எவர்சில்வர் வில்லைகள்கூட அங்கே வெட்டப்பட்டவைதான். டைட்டானியம் பட்டை வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: அந்த உலோகத்தின் மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. எடை எவர்சில்வரில் பாதிக்குச் சற்று மேல். மணல் நம்மது, பட்டை மட்டும் டாலரில்.

கடிகாரத்திலும் நாம் சும்மா இல்லை. 1961-ல் ஜப்பான் சிட்டிசன் உதவியோடு எச்எம்டி பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. ஜனதா, பைலட், கஞ்சன்... மாப்பிள்ளைக்குக் கஞ்சன் வாட்ச் போட்டார்கள் என்பது ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பேசப்படும் சேதி. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டு சேர்ந்து டைட்டன். ஓசூரில் ஆலை. பேரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் ஒளிந்திருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. சாவி கொடுக்க வேண்டாத குவார்ட்ஸ், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நகை மாதிரி அடுக்கி வைத்த தங்க நிறச் செயின் வாட்ச்சுகள். எச்எம்டி மூச்சு திணறியது. 2016 ஜனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. டைட்டனுக்கு இன்று வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்து வருகிறது. மவுண்ட் ரோட்டுக் கடை மாதிரியே கடிகாரமும் நகையும் மறுபடி ஒரு கூரைக்குக் கீழே வந்துவிட்டன பாருங்கள்.

இந்த எச்எம்டி, டைட்டன் காலத்தில் ஒரு எழுதாத விதி இருந்தது. கடிகாரம் நிரந்தரம், பட்டை செலவு. எங்க அப்பாவின் எச்எம்டிக்கு நான் பார்த்தே நாலு பட்டை மாறியிருக்கிறது. வாட்ச் அப்படியே இருந்தது. மெரினாவில் எம்.ஜி.ஆர் சமாதியில் இன்றைக்கும் கல்லில் காதை வைத்து வாட்ச் ஓடுகிறதா என்று கேட்கும் ஜனங்கள் உண்டு. 1987-ல் மறைந்த மனிதரின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்ப முடிந்தது என்றால், கடிகாரம் என்ற பொருள் மேல் அவ்வளவு நம்பிக்கை. தானாகச் சாவி ஏறும் வாட்ச்சே கை அசையாவிட்டால் இரண்டு நாளில் நிற்கும், அது தனி. ஸ்மார்ட் வாட்ச்சை யாரும் அப்படி நம்ப மாட்டார்கள். சாயந்திரமே சார்ஜர் தேடும் :-)

2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் வந்தபோது இந்த விதி தலைகீழானது. அடிப்படை மாடல் 349 டாலர். தனியாக விற்ற ஸ்டீல் லிங்க் செயின் 449 டாலர்! கடிகாரத்தை விடப் பட்டை நூறு டாலர் அதிகம். ஒரு செயினின் கண்ணிகளை வெட்ட மட்டும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகிறது என்று அந்தக் கம்பெனி சொன்னது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதே வருஷம் 18 காரட் தங்கத்தில் 10,000 டாலருக்கு ஒரு மாடலும் விட்டார்கள். 2018-ல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக்குக் கிடையாது. 2023-ல் பழுது பார்க்கவே மாட்டோம் என்ற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தங்கக் கடிகாரம் எட்டே வருஷத்தில் காலாவதி! ஆனால் அந்த எவர்சில்வர் செயின்? மாட்டும் பள்ளத்தின் அமைப்பைக் கம்பெனி மாற்றாததால், 2015 பட்டை பத்து வருஷம் கழித்து வந்த மாடலிலும் அளவு பார்த்து மாட்டினால் உட்காருகிறது. கடிகாரம் செலவு, பட்டை நிரந்தரம் என்று ஆகிவிட்டது.

எங்க அக்கா பையன் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, "மாமா, செயினுக்கு இஎம்ஐ போடலாம்னு இருக்கேன், நீ என்னா சொல்ற?"ன்னு கேட்டான். வாங்கற வாட்ச்சை விட அதிக விலைக்குப் பட்டை. அவன்கிட்ட சொன்னதையே இங்கயும் சொல்றேன்.

"டேய், தங்கச் சங்கிலி வாங்கினவனுக்கு அடகுக்கடை இருந்தது. இதை எந்தச் சேட்டும் எடுக்க மாட்டான். எவர்சில்வரை எடைக்குப் போட்டா பேரீச்சம்பழம் கூட கிடைக்காது. அப்போ இதோட மதிப்பு பூரா நீ எத்தனை வருஷம் மாட்டப்போறே என்கிறதுல மட்டும்தான் இருக்கு. பத்து வருஷம் மாட்டுவேன்னா வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல. அதுவும் அதே கம்பெனி வாட்ச்சையே மறுபடி மறுபடி வாங்கினாத்தான். கம்பெனி நாளைக்கே பள்ளத்தை மாத்திட்டா உன் செயின் வளையல்தான்."

மாத்த மாட்டாங்களா என்ன? சாம்சங் பல வருஷம் 20 மில்லிமீட்டர் சாதா பின் மாட்டும் கடிகாரங்கள் விட்டது. எந்த வாட்ச் கடைச் செயினும் உட்காரும். 2024-ல் அல்ட்ரா மாடலில் தனக்கென ஒரு கொக்கி வைத்துக்கொண்டது, 2025 மாடலிலும் அதுவே.

அதனால என் கட்சி இதுதான். 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஸ்பிரிங் பின் மாட்டும் வாட்ச்சாக இருந்தால், நல்ல 316எல் செயின் ஒன்றைத் தாராளமாக வாங்கலாம். அந்தப் பின் அளவு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அப்பாவின் பழைய டைட்டன் 20 அளவாக இருந்தால் அதிலும் மாட்டலாம், நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். தனிக் கொக்கி வைத்த கம்பெனிச் செயினுக்குக் கடிகார விலையைக் கொடுப்பது, அதுவும் கடன் வாங்கிக் கொடுப்பது, எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் காசு உபரியாக இருக்கிறவர்கள் பாடு வேறு. செய்நேர்த்தி உண்மையிலேயே நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

வாங்கும்போது கண்ணியைப் பாருங்கள். தகட்டை மடித்துச் செய்த கண்ணி லேசாக இருக்கும், ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், சீக்கிரம் தொய்யும். ஒரே கட்டியிலிருந்து வெட்டியது கனமாக, சத்தமில்லாமல் இருக்கும். பூட்டில் சின்னச் சின்னதாகத் தளர்த்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், வெயிலில் மணிக்கட்டு வீங்கும்போது தேவைப்படும். ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் நாடி பார்க்கும் பச்சை விளக்கு தோலை ஒட்டி இருக்க வேண்டும். செயினை வளையல் மாதிரி தொளதொளவென்று போட்டால் இதயத்துடிப்புக் கணக்கு கன்னாபின்னா என்று வரும். மலை ஏறவோ ஓடவோ போகும் அன்றைக்கு ரப்பர் பட்டைதான் லாயக்கு. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, கிளம்பி வருகிறவர்கள் எவர்சில்வரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க. மேலே போனதும் எத்தனை மாடி உயரம் ஏறினீர்கள் என்று கடிகாரம் ஏறக்குறையச் சொல்லும்.

கடையில் அளவு குறைக்கும்போது கழற்றுகிற இரண்டு மூன்று கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது வயசு மணிக்கட்டும் ஐம்பது வயசு மணிக்கட்டும் ஒன்று இல்லை.