அம்பு நஞ்சும் துருத்தியும்

ஓரினோகோ நதிக்கரையில் எஸ்மரால்டா என்றொரு சிற்றூர். 1800இல் அங்கே போய்ச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், காட்டுக் கொடியின் பட்டையை இடித்து, தண்ணீர் விட்டு வடித்து, கரிய குழம்பாகச் சுண்டக் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அதுதான் குராரே. அம்பு நுனியில் தடவி எய்தால், அடிபட்ட விலங்கின் தசைகள் தளர்ந்து மூச்சு நின்றுவிடும். இதயம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும்.

கயானாவிலிருந்து இயற்கை ஆய்வாளர் வாட்டர்டன் கொண்டுவந்த அந்த நஞ்சை 1814இல் லண்டனில் ஒரு பெண் கழுதையின் தோளில் செலுத்தினார்கள். பத்தே நிமிடத்தில் செத்ததுபோல் சாய்ந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டுத் துருத்தியால் காற்று ஊதினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. துருத்தியை நிறுத்தியதும் மறுபடி சாய்ந்தது. மீண்டும் ஊதினார்கள், அது தேறும்வரை. வூராலியா என்று பெயர் பெற்ற அந்தக் கழுதை அதன்பின் 25 ஆண்டு வாழ்ந்தது.

ரணஜன்னி (டெட்டனஸ்) நோயின் நஞ்சு வேலை செய்வது குராரேக்கு நேர் எதிராக. மண்ணிலிருந்து காயத்துக்குள் புகுந்த கிருமி அதைச் சுரக்கிறது; தசைகளை அடக்கிவைக்கும் நரம்புக் கட்டளையைத் தண்டுவடத்திலேயே அது தடுத்துவிடுகிறது. பல் கிட்டிக்கொள்ளும். கதவு சாத்துகிற சத்தத்துக்கே முதுகு வில்லாய் வளையும். இத்தனைக்கும் நினைவு தெளிவாக இருக்கும். எனக்கு இந்த நோயில் தாங்க முடியாதது அதுதான். குராரே கொடுத்தால் இறுக்கம் தளரும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே முயன்று பார்த்தார்கள். ஆனால் இசிவை முழுதாக அடக்கும் அளவு கொடுத்தால் மூச்சும் அடங்கிவிடும். நாள்கணக்கில் துருத்தியால் மூச்சு கொடுத்துக் காக்கும் வழியோ அப்போது வரவில்லை.

1952இல் கோபன்ஹேகனில் மயக்க மருத்துவர் பியோன் இப்சென், ரணஜன்னி கண்ட பச்சிளங்குழந்தைக்குக் குராரே கொடுத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் போலியோ நோயாளிகளுக்கும் அதே வழியைக் கையாண்டார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். ஐ.சி.யூ. பிறந்தது அந்தக் கைகளில்.

பிறகு வென்டிலேட்டர் வந்தது. வாரக்கணக்கில் மூச்சைக் காக்க முடிந்தபோது இன்னோர் ஆபத்து வெளியே தெரிந்தது: ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கி இதயம் நின்றுவிடுவது. 1968இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் அதை விளக்கி எழுதினார்கள். கண் மூடாமல் படுக்கையருகே ஆள் இருக்க வேண்டியதாயிற்று.

1987இல் வெனிசுலா மருத்துவர்கள் 641 ரணஜன்னி நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு வருமுன் நூற்றுக்கு 44 பேர் இறந்திருந்தார்கள். வந்தபின் 15 பேர். ஹம்போல்ட் நின்று பார்த்த எஸ்மரால்டா அந்த நாட்டில்தான் இருக்கிறது.