ஒத்தை நட்சத்திரம்

மக்களே, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை வைக்கலை. இன்னைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். பொட்டி தட்டுறவங்க சண்டைதான்னாலும், தட்டாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

2024 ஜனவரியில எனக்கு வாழ்க்கையில முதல் ஒத்தை நட்சத்திரம் கிடைச்சுது. வேர்ட்பிரஸ்ல பதிவோட தேதியை சித்திரை, வைகாசின்னு தமிழ் மாசக் கணக்குல காட்டுற ஒரு குட்டி ப்ளக்கின் எழுதி வெச்சிருந்தேன். 60 தளத்துல ஓடிச்சு (அதுல மூணு என்னோடது, ஹி ஹி). அதுவரைக்கும் நாலே நாலு மதிப்புரை, நாலும் அஞ்சு நட்சத்திரம். அஞ்சாவதா ஒருத்தர் வந்து ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "வேலை செய்யலை"ன்னு ரெண்டே வார்த்தை எழுதிட்டுப் போயிட்டார். சராசரி 5-ல இருந்து 4.2-க்கு விழுந்துச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஒத்தை நட்சத்திரம் மட்டும் இருந்தாலே, அதைத் தாண்டி சராசரி 4.8-க்கு வர 19 பேர் அஞ்சு நட்சத்திரம் போடணும். 60 தளத்துக்கு நான் எங்கே போய் 19 பேரைப் பிடிக்கிறது?

அடுத்து, மனுஷன் செய்யக்கூடாத வேலையைச் செஞ்சேன்: அந்த ஆளோட ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தேன். ரெண்டு வாரம் முன்னாடிதான் அவரும் ஒரு ப்ளக்கின் போட்டிருக்கார். தமிழ்த் தேதி காட்டுற ப்ளக்கின்!

ரத்தம் கொதிச்சதுல நான் பண்ணின காரியத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஓசியில கொடுக்கிற ஒரு மென்பொருளுக்கு இவ்வளவு அடிதடி எதுக்குன்னு யோசிச்சப்போ கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

வேர்ட்பிரஸ் 2003-ல மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது. உரிமம் ஜி.பி.எல். அதன்படி யார் வேணும்னாலும் நிரலை எடுக்கலாம், மாத்தலாம், வேற பேர்ல வெளியிடலாம், காசுக்குக் கூட விற்கலாம். அதோட அதிகாரபூர்வ ப்ளக்கின் கிடங்கில் ஒரு ப்ளக்கினைச் சேர்க்க வேண்டுமென்றால் அதுவும் ஜி.பி.எல்.லுக்கு ஒத்துப்போகும் உரிமத்தில்தான் இருக்க வேண்டும். ஆக, ராத்திரி பகலா முழிச்சு நீங்க எழுதின நிரல் உங்க சொத்து மாதிரி தெரியும், ஆனா பூட்டு போட முடியாது.

அப்போ எதுதான் உங்களோடது? மூணே விஷயம். கிடங்குல உங்க ப்ளக்கினுக்கு ஒதுக்கின முகவரி (ஒரு தடவை ஒப்புதல் ஆயிட்டா அதை மாத்த முடியாது), அந்தப் பக்கத்துல சேர்ந்த நட்சத்திரங்கள், தேடும்போது நீங்க வந்து நிக்கிற இடம். அல்வாக் கடைத் தெருவுல 'ஒரிஜினல்', 'அசல்', 'பழைய'ன்னு வரிசையா போர்டு மாட்டியிருப்பாங்களே, அதே கதை. பக்குவம் எல்லாருக்கும் தெரியும், சண்டை போர்டுக்கும் கடை இருக்கிற இடத்துக்கும்தான்.

2011-ல் நடந்த ஜிகோஷாப் விவகாரத்தில் இது பச்சையாகத் தெரிந்தது. வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்த ஜிகோஷாப் என்று ஒரு ப்ளக்கின் இருந்தது. வூதீம்ஸ் என்ற நிறுவனம் அதன் நிரலை எடுத்து, அதை எழுதிக்கொண்டிருந்த மைக் ஜாலி, ஜேம்ஸ் கோஸ்டர் இருவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, அதே வருடம் செப்டம்பரில் வூகாமர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. உரிமப்படி ஒரு தப்பும் இல்லை. 2015-ல் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூதீம்ஸையே வாங்கிவிட்டது. இன்னைக்கு ஜிகோஷாப்னு சொன்னா ஃபேனைப் பார்ப்பாங்க. ஆனாலும் ஒண்ணைக் கவனிங்க: எடுத்தவங்க புதுப் பேரு வெச்சாங்க, புது முகவரியில சைபர்ல இருந்து நட்சத்திரம் சேர்த்தாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

நிரலைத் திருடுறதே தப்பு இல்லைன்னு ஆனதும், தில்லுமுல்லு எல்லாம் அந்த மூணு சொத்தைச் சுத்தியே நடக்க ஆரம்பிச்சுது. ஆரம்பத்துல பதிவிறக்க எண்ணிக்கைதான் பெருமை. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பழைய பயனர் எல்லாரும் மறுபடி இறக்குவாங்க இல்லையா, அதனால ஒரு காற்புள்ளியை மாத்தினாக்கூட புதுப் பதிப்பு விட்டா எண்ணிக்கை ஏறும். நட்சத்திரத்தையும் அப்போ ஒரு வரி எழுதாம குத்திட்டுப் போகலாம். 2012 கடைசியில்தான் மதிப்புரை எழுதினால்தான் நட்சத்திரம் என்று ஆனது. 2015-ல் பதிவிறக்க எண்ணிக்கைக்குப் பதிலாக, எத்தனை தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கை முன்னால் வைத்தார்கள்.

2017-ல் கிடங்கைப் புதுப்பித்தபோது தேடலும் மாறியது. நீங்கள் தேடும் சொல் பொருந்துகிறதா என்பதோடு, ஓடும் தளங்களின் எண்ணிக்கை, சராசரி நட்சத்திரம், கடைசியாகப் புதுப்பித்த தேதி, எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்தது, பயனர் கேட்ட கேள்விகளில் எத்தனை 'தீர்ந்தது' என்று குறிக்கப்பட்டது, எல்லாம் சேர்ந்துதான் வரிசை. அதாவது மதிப்புரைங்கிறது வெறும் கருத்து இல்லை, தேடல் வரிசைக்குள்ள போற ஒரு எண். எதிரி ப்ளக்கினுக்கு ஒரு நட்சத்திரம் போட்டா, அவன் அரை அங்குலம் இறங்குவான், நாம ஏறுவோம். பழைய தமிழ்மணத்து மைனஸ் ஓட்டு அரசியல் பத்தி சீனியர் பதிவர்கள் சொல்லிக் கேட்டிருக்கேன். அதே வியாதி, சோறு மட்டும் வேற.

கிடங்கின் விதிகளைப் படித்தாலே என்னென்ன கூத்து நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். கள்ளக் கணக்கில் மதிப்புரை எழுதக் கூடாது. மதிப்புரைக்குக் காசு கொடுக்கவோ மிரட்டவோ கூடாது. தேடலை ஏமாற்றச் சொற்களை அடுக்கக் கூடாது. போட்டியாளர் ப்ளக்கினின் பெயரை உங்கள் குறிச்சொல்லாகப் போடக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் பின்னாடி யாரோ ஒரு புண்ணியவான் இருக்கான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, வயித்தைக் கலக்கின கதை, டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ். எந்தப் பக்கத்தில் எந்த விட்ஜெட் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் சாதுவான ப்ளக்கின். 2 லட்சம் தளங்களுக்கு மேல் ஓடியது. அதைப் பராமரித்தவர்கள் 2017 மே மாதம் 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஜூன் 21 அன்று புது உரிமையாளரின் முதல் பதிப்பு வந்தது. நிறுவியதும் வெளியே ஒரு செர்வரிலிருந்து 38 எம்.பி. அளவுக்கு ஏதோ இறக்கியது. மறுநாளே ஒருத்தர் கிடங்கை நடத்தும் தன்னார்வலர்களுக்குப் புகார் எழுதினார். பிரிட்டனைச் சேர்ந்த எஸ்.இ.ஓ. ஆலோசகர். அதுமட்டுமில்லை, அதே வேலையைச் செய்யுற இன்னொரு ப்ளக்கினோட ஆசிரியர். அதாவது, போட்டியாளர்!

இப்போ நீங்க அந்தத் தன்னார்வலர் இடத்துல இருந்தா என்ன நினைப்பீங்க? "கடைக்காரன் பக்கத்துக் கடையைப் பத்திச் சொல்றான்"னுதானே தோணும். ஆனாலும் பார்த்தார்கள், விதிமீறல் இருந்தது, நீக்கினார்கள். உரிமையாளர் சரிசெய்ததாகச் சொல்லி மறுபடி வந்தார். மறுபடி புகார், மறுபடி நீக்கம். இப்படி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் நாலு தடவை. உள்ளே ஒளிந்திருந்தது என்னவென்றால், அந்த 2 லட்சம் தளங்களில் எதில் வேண்டுமானாலும் உரிமையாளர் நினைத்த பதிவைச் செருகும் வசதி. செருகின பதிவு தளத்தின் சொந்தக்காரர் உள்நுழைந்து பார்த்தால் தெரியாது; வெளியாளுக்கும் தேடுபொறிக்கும் மட்டும்தான் தெரியும். உங்க வீட்டுச் சுவத்துல நீங்க இல்லாத நேரமா பார்த்து போஸ்டர் ஒட்டுற மாதிரி. பொதுவாக இந்த வித்தை, கந்துவட்டி மாதிரியான குறுங்கடன் தளங்களைக் கூகிளில் மேலே ஏற்றுவதற்குத்தான்.

15,000 டாலருக்கு அவங்க வாங்கினது நிரலை இல்லை. அதுதான் ஓசியிலயே கிடைக்குமே! வாங்கினது முகவரியையும், அந்த முகவரி மேல 2 லட்சம் பேர் வெச்சிருந்த நம்பிக்கையையும். இன்னொண்ணு, பொறாமையில சொல்றான்னு நாம ஒதுக்கக்கூடிய அந்தப் போட்டியாளர் சொன்னது அத்தனையும் உண்மை. அடுத்தவன் ப்ளக்கினை வரி வரியாப் படிக்கிற பொறுமை போட்டியாளனைத் தவிர வேற யாருக்கு இருக்கு?

2019 நவம்பரில் யோஸ்ட் எஸ்.இ.ஓ. ப்ளக்கின் பயனர்களின் நிர்வாகப் பக்கத்தில் கருப்பு வெள்ளி விளம்பரத்தைப் பெரிசாக ஆடவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. 2022 செப்டம்பர் கடைசியில் ப்ளக்கின் வளர்ச்சி வரைபடத்தைக் கிடங்கு திடீரென்று எடுத்துவிட்டது. தரவைப் போதுமான அளவு மறைக்காமல் காட்டிவிட்டோம் என்பது சொன்ன காரணம். டெவலப்பர்கள் கொந்தளித்தார்கள். இதெல்லாம் சில்லறை. பெரிய பூகம்பம் 2024-ல்.

அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ், சுருக்கமாக ஏ.சி.எஃப். எலியட் காண்டன் என்ற ஆஸ்திரேலியர் 2011-ல் தனி ஆளாக எழுதியது. 2021-ல் டெலிஷியஸ் பிரெயின்ஸ் வாங்கியது, 2022-ல் அவர்களிடமிருந்து டபிள்யூ.பி. எஞ்சின் வாங்கியது. இலவசப் பதிப்பு மட்டும் 20 லட்சம் தளங்களுக்கு மேல். 2024 செப்டம்பரில் முல்லன்வெக்கும் டபிள்யூ.பி. எஞ்சினும் மோதிக்கொண்டார்கள். வணிகக்குறி, பங்களிப்பு என்று காரணங்கள் நீளம், அதுக்குத் தனிப் பதிவு வேணும். செப்டம்பர் 25 அன்று அந்த நிறுவனத்தைக் கிடங்கை அணுகவிடாமல் தடுத்தார்கள். அவர்களால் தங்கள் ப்ளக்கினையே அங்கே புதுப்பிக்க முடியவில்லை.

அக்டோபர் 12. ஏ.சி.எஃப். நிரலை எடுத்து 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று பெயர் மாற்றிவிட்டோம் என்று முல்லன்வெக் அறிவித்தார். பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யவும் விற்பனை விளம்பரங்களை நீக்கவும் என்பது விளக்கம். கிடங்கு விதிகளில் 18-வது, அந்த அதிகாரத்தைத் தருகிறது என்றார். ஜி.பி.எல்.படி கிளை பிரிக்கிறது தப்பே இல்லை, ஜிகோஷாப்புக்கு நடந்ததும் அதுதானே? ஆனா இங்கே ஒரு வித்தியாசம். பேர் மாறிச்சு, முகவரி மாறலை. அதே பக்கம், பத்து வருஷத்துக்கு மேல ஏ.சி.எஃப்.க்காக ஜனங்க எழுதின அதே மதிப்புரைகள், அதே பயனர் எண்ணிக்கை, கூகிள்ல அதே இடம். தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்த தளங்களில் ராத்திரியோடு ராத்திரியாக ப்ளக்கின் மாறியது. கடையையும் கல்லாவையும் வாடிக்கையாளரையும் சேர்த்து எடுத்துக்கிட்டு போர்டை மட்டும் மாத்தின மாதிரி.

ஜனங்க கையில என்ன ஆயுதம் இருந்துச்சு? அதே ஒத்தை நட்சத்திரம்தான். வந்து குத்தினாங்க. கீழே பழைய ஆளுக்கு விழுந்த பாராட்டு, மேலே புது ஆளுக்கு விழுந்த சாபம், எல்லாம் ஒரே பக்கத்துல. சராசரின்னு ஒரு எண் போட்டிருந்துச்சே, அது யாரோட மார்க்கு?

டபிள்யூ.பி. எஞ்சின் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தது. 2024 டிசம்பர் 10 அன்று கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி அரசெலி மார்டினெஸ்-ஓல்குயின் இடைக்காலத் தடை விதித்தார். அந்த உத்தரவில் நான் திரும்பத் திரும்பப் படிச்ச இடம் ஒண்ணு: ஏ.சி.எஃப். ப்ளக்கினின் கிடங்குப் பக்கத்தின் மீதான கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடு என்பது. நிரலைக் கொடுன்னு யாரும் கேட்கலை, அது எல்லார்கிட்டயும் இருக்கு. பக்கத்தைக் கொடு! சில நாளில் பக்கம் திரும்பியது. செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் தன் பெயரிலேயே தனி முகவரிக்குப் போனது. வழக்கு அதுக்கு அப்புறமும் நீண்டது.

சரி, என் கதை. 2024-ல அந்த ஒத்தை நட்சத்திரத்தைப் பார்த்த அன்னைக்கு ராத்திரியே ரூம்மேட் மூணு பேரை உட்கார வெச்சு, ஆளுக்கொரு கணக்குத் திறக்கச் சொல்லி, அஞ்சு நட்சத்திரம் குத்த வெச்சேன். "அருமை", "சூப்பர்", "தமிழுக்குத் தொண்டு" (கடைசி ஆளுக்குப் பிரியாணி எக்ஸ்ட்ரா). ஒரே வீட்டு வைஃபை. ரெண்டே நாள்ல மூணையும் தூக்கிட்டு, அடுத்த தடவை ப்ளக்கினையே தூக்கிடுவோம்னு ரொம்ப மரியாதையா ஒரு மெயில் வந்துச்சு. ஒத்தை நட்சத்திரம் அப்படியே இருந்துச்சு.

இந்தப் பதிவுக்காகப் போன வாரம் பழைய நிரலைத் திறந்தேன். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் கதையில அந்தப் போட்டியாளர் சொன்னது உண்மையா இருந்துச்சேன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அம்மாகிட்ட 2024 காலண்டரைக் கேட்டேன். தூக்கிப் போடாம பரண்ல வெச்சிருந்தாங்க. அந்த வருஷம் பொங்கல் ஜனவரி 15. நான் ஜனவரி 14-ன்னா தை 1-ன்னு நிரல்லயே ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். சூரியன் மகரத்துக்குள்ள போற நேரத்தைப் பொறுத்து மார்கழிக்கு ஒரு நாள் கூடும் குறையும்ங்கிற விஷயம் என் மண்டையில ஏறவே இல்லை. மதிப்புரையோட தேதியைப் பார்த்தேன். ஜனவரி 14. அன்னைக்கு அவர் தளத்துல ஒரு நாள் முன்னாடியே பொங்கல் வந்திருக்கு.

திருத்திட்டேன். அப்புறம் அவரோட ப்ளக்கினையும் இறக்கிப் பார்த்தேன். தையைச் சரியாப் போட்டிருக்கார், ஆனா ஆடி மாசத்துக்கு எல்லா வருஷமும் 31 நாள்னு வெச்சிருக்கார். சில வருஷம் 32 வரும். அவர் பக்கத்துல மதிப்புரை எழுதுற பெட்டியைத் திறந்து, முதல் நட்சத்திரத்து மேல மௌஸை வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மூடிட்டு, எந்த வருஷம், எந்தத் தேதின்னு விவரமா எழுதி அவருக்கு ஒரு மெயில் போட்டேன்.

இன்னும் பதில் வரலை.