எழுத்துப் பிழை காத்த பொருள்

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழை கடிந்து நீக்கப்படும் குற்றமாகும். மாணவரது ஏட்டிலே சிவப்பு மையால் அடிக்கோடு பெறுவது அதுவே. ஆயினும், ஓர் எழுத்துப் பிழை இரண்டு கோடி அமெரிக்க டொலரைக் கள்வர் கையிற் சேராமற் காத்த வரலாறும் உலகில் உண்டு. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நிகழ்ந்த அவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டென்பது நேயர்கள் நினைவில் இருத்தத் தக்கது.

அம்மாதம் 4ஆம் நாள், வியாழக்கிழமை. டாக்காவிலுள்ள பங்களாதேஷ் மத்திய வங்கியின் அலுவலர்கள் வேலை முடித்து வீடு திரும்பினர். வெள்ளியும் சனியும் அந்நாட்டில் வார விடுமுறை. அன்றிரவு அவ்வங்கியின் கணனிகளிலிருந்து, நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு முப்பத்தைந்து பணக்கட்டளைகள் சென்றன. வங்கிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் 'சுவிப்ட்' என்னும் அமைப்பின் வழியாக, முறைப்படி எழுதப்பட்ட கட்டளைகள் அவை. கோரப்பட்ட தொகையோ 95 கோடி 10 இலட்சம் டொலர். அக்கட்டளைகளை எழுதியோர் வங்கி அலுவலர் அல்லர். ஓராண்டுக்கு முன்னரே, வேலை கேட்கும் விண்ணப்பம்போல் வந்த மின்னஞ்சலொன்றின் வழியே உட்புகுந்து, வங்கியின் நடைமுறை யாவற்றையும் மறைந்திருந்து கற்றுக்கொண்ட கள்வர்கள். பணக்கட்டளைகளின் பதிவை அச்சிடும் பொறியையும் அவர்கள் செயலிழக்கச் செய்திருந்தனர். டாக்கா விழித்துக்கொள்ளும் வேளையில் நியூயோர்க்கில் ஞாயிறு விடுமுறை. நியூயோர்க் விழித்துக்கொள்ளும் திங்களன்று மணிலாவிற் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாட்காட்டியைக்கூடக் கள்வர் தமக்குத் துணையாக்கிக் கொண்டனர்.

முப்பது கட்டளைகள் நியூயோர்க்கிலேயே தடைப்பட்டன. அவற்றிற் காணப்பட்ட 'யூப்பிட்டர்' என்னும் மணிலாத் தெருப்பெயர், தடை விதிக்கப்பட்ட கப்பல் நிறுவனமொன்றின் பெயரோடு தற்செயலாக ஒத்திருந்தமையே காரணம். எஞ்சிய ஐந்தினுள் நான்கு, 8 கோடி 10 இலட்சம் டொலரை மணிலாவுக்குக் கொண்டு சென்றன. அப்பணத்தின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிற் கலந்து மறைந்தது. ஐந்தாவது கட்டளை, இரண்டு கோடி டொலரை இலங்கையிலுள்ள ஓர் அறநிறுவனத்தின் பெயருக்கு அனுப்பியது. அந்நிறுவனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்றிருக்க வேண்டிய ஆங்கிலச் சொல் 'பாண்டேஷன்' எனப் பிழைபட எழுதப்பட்டிருந்தது. இடைநின்று பணத்தை அனுப்பிய டொய்ச்சே வங்கி ஐயுற்று, டாக்காவிடம் விளக்கம் கேட்டது. பணம் நின்றது, பின்னர் திரும்பியும் சென்றது.

இந்நிகழ்ச்சி ஒரு காலத்தின் எல்லைக்கல் எனலாம். கள்வன் பிறமொழியில் எழுதும்போது தடுமாறுவான்; அத்தடுமாற்றமே அவனைக் காட்டிக்கொடுக்கும். இந்த நம்பிக்கையே அதுவரை வணிக உலகின் எழுதாத காவலாக இருந்தது. அக்காவல் பின்னர் எவ்வாறு தளர்ந்தது என்பதையும், அதன் இடத்தில் எழுந்த புதுக்காவல் யாது என்பதையும் அறிய, வரலாற்றிற் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவிலே கோணெல் பல்கலைக்கழக மாணவரொருவர் எழுதிய சிறு நிரல், அக்காலத்து இணையத்திற் புகுந்து கணனிக்குக் கணனி தாவிப் பெருகிற்று. அந்நாளில் இணையத்தோடு தொடர்புற்றிருந்த ஏறக்குறைய அறுபதினாயிரம் கணனிகளுள் ஆறாயிரம் அளவில் அதனால் முடங்கின என மதிப்பிடப்பட்டது. 'மொரிஸ் புழு' என வரலாற்றில் இடம்பெற்ற அந்நிகழ்ச்சியின் பயனாக, அம்மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் கணனி அவசர உதவிக் குழு தோன்றிற்று. இத்தகைய குழுக்கள் பின்னர் நாடுதோறும் அமைந்தன. இலங்கையில் அது 2006ஆம் ஆண்டு அமைந்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் அதனைத் தொடர்ந்து வந்தது.

காவலின் முறைகள் இருவகைப்பட்டன. முன்னர் அகப்பட்ட கள்வரின் அடையாளங்களைப் பட்டியலிட்டு வைத்து, வாயிலில் வருவோரை அப்பட்டியலோடு ஒப்பிடுதல் ஒரு முறை. நச்சுநிரல்களைத் தடுக்கும் மென்பொருள்கள் நெடுங்காலம் இவ்வழியே நடந்தன. புதிய கள்வன் வந்தால் இம்முறை வாளாவிருக்கும். மற்றைய முறை, வீட்டாரின் பழக்கத்தை நன்கு அறிந்துவைத்து, பழக்கத்துக்கு மாறாக நிகழ்வதை ஐயுறுதல். நள்ளிரவிற் பண்டசாலைத் திறப்பைக் கேட்கும் கணக்கப்பிள்ளையை, அவர் பழகிய முகமேயாயினும், காவலாளி ஒருமுறை நோக்குவான் அன்றோ? இக்கருத்தை அமெரிக்க அறிஞர் டொரதி டெனிங் அம்மையார் 1987இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கணனிக்குப் பொருத்திக் காட்டினார். 1998இல் ஆய்வாளர் சிலர், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலச் சமயகுரு தோமஸ் பேயிஸ் வகுத்த நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு, வேண்டாத மின்னஞ்சலை வேறாக்கும் வழியைக் கண்டனர். எந்தச் சொற்கள் மோசடிக் கடிதங்களில் மிகுதியாக வருவன என்பதைப் பொறி தானே கற்றுக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு வணிகத்தின் வாயிற்காவலாக அமர்ந்தது இவ்வாறேயாம். முதலில் அது காவலர் பக்கமே நின்றது என்பது மறக்கற்பாலதன்று.

டாக்காவில் திருட்டு நிகழ்ந்த அதே 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான தார்ப்பா, லாஸ் வேகாஸ் நகரிற் புதுமையானதொரு போட்டியை நடத்திற்று. மனிதர் கைபடாமல் ஏழு பொறிகள் ஒன்றன் மென்பொருளிலுள்ள ஓட்டையை ஒன்று தேடித் தாக்கின. தத்தம் ஓட்டைகளைத் தாமே அடைத்தும் கொண்டன. 'மேஹெம்' என்னும் பொறி வென்று இருபது இலட்சம் டொலர் பரிசு பெற்றது. ஆயின் அதனை மனிதக் குழுக்களோடு மோதவிட்டபோது கடைசி இடமே கிடைத்தது. பொறி மனிதனை விஞ்சும் நாள் தொலைவில் உள்ளதென்று பலர் ஆறுதல் கொண்டிருக்கலாம்.

அவ்வாறுதல் நெடிது நிலைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'சட்ஜிபிடி' என்னும் உரையாடும் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. அளவிறந்த நூல்களையும் எழுத்துக்களையும் கற்றுத் தேர்ந்த இத்தகைய பொறிகள், கேட்டவர் கேட்டவாறு கடிதம் எழுதவல்லன. ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் சிங்களத்திலும் எழுதவல்லன. 'பாண்டேஷன்' என்று எழுதும் தவற்றை அவை செய்வதில்லை. ஒரு வணிகரின் முன்னைய கடிதங்களைக் காட்டினால், அவரது நடையிலேயே புதுக்கடிதம் வரைந்து கொடுக்கும். முன்பு மொழியறியாத கள்வன், தன் மோசடிக் கடிதத்தை ஆயிரம் பேருக்கு ஒரே வடிவில் அனுப்பினான். இன்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரும் தொழிலும் அறிந்து தனித்தனியே எழுதுதல் அவனுக்கு எளிதாயிற்று. எழுத்துப் பிழையாகிய காவலன் இவ்வாறு ஓய்வு பெற்றான்.

எழுத்து மட்டுமோ? குரலும் முகமும் அவ்வழியே சென்றன. 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவர், தமது ஜெர்மானியத் தாய் நிறுவனத் தலைவரின் குரலைத் தொலைபேசியிற் கேட்டார். குரலின் ஏற்ற இறக்கமும் ஜெர்மானிய உச்சரிப்பும் அவருடையவையே. கேட்டவாறு இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் யூரோவை அனுப்பினார். பேசியது பொறி புனைந்த குரல்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனினும் கொடியது. அரப் என்னும் புகழ்பெற்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியரொருவருக்கு, இலண்டனிலுள்ள நிதித் தலைவரிடமிருந்து என்று சொல்லி ஒரு செய்தி வந்தது. இரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டுமென்றது அது. ஊழியர் முதலில் ஐயுற்றார். பின்னர் காணொளிக் கூட்டமொன்றுக்கு அழைக்கப்பட்டார். ஆங்கே நிதித் தலைவரும், தாம் அறிந்த சக ஊழியரும் அமர்ந்திருப்பதைக் கண்டார். அவர்கள் பேசுவதையும் கேட்டார். ஐயம் அகன்றது. பதினைந்து தடவையாக, ஐந்து வங்கிக் கணக்குகளுக்கு, 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பினார். பின்னர் தலைமையகத்தோடு தொடர்பு கொண்டபோதே உண்மை தெரிந்தது. அக்கூட்டத்திலே உயிருள்ள மனிதர் அவரொருவரே. மற்றையோர் யாவரும் பொறி புனைந்த உருவங்கள்.

கண்ணாற் கண்டதே சான்று என்னும் பழைய வழக்கு இங்கே தோற்றது. அந்த ஊழியரை மூடர் என்று எள்ளுதல் எளிது, நீதியன்று. அவர் ஐயுற்றார், ஐயத்தைத் தீர்க்கக் கண்ணையும் காதையும் நம்பினார். மனித குலம் தோன்றிய நாள்தொட்டு நம்பிவந்த சான்றுகள் அவை.

அவ்வாண்டு யூலை மாதத்தில் இத்தாலியில் இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சி வெளிவந்தது. பெராரி மோட்டார் நிறுவனத்தின் உயரதிகாரியொருவரை, நிறுவனத் தலைவரின் குரலிலே ஒருவர் அழைத்துப் பேசினார். தென்னித்தாலிய உச்சரிப்பும் சரியாகவே இருந்தது. ஏதோ இடறுவதை உணர்ந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: "சில நாள்களுக்கு முன் நீங்கள் என்னைப் படிக்கச் சொன்ன புத்தகத்தின் பெயர் என்ன?" மறுமுனை உடனே அடங்கிற்று. கோடிகளை விழுங்கவல்ல பொறியின் வாயை, இருவர்க்கு மட்டுமே தெரிந்த ஒரு சிறு செய்தி அடைத்துவிட்டது.

காவலர் பக்கத்திலும் வளர்ச்சி குன்றவில்லை. 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் கூகிள் நிறுவனத்தின் 'பிக் சிலீப்' என்னும் பொறி, உலகெங்கும் எண்ணற்ற கருவிகளிற் பயன்படும் தரவுத்தள மென்பொருளாகிய 'எஸ்கியூலைட்' என்பதில் மறைந்திருந்த குறையொன்றை, அப்பதிப்பு வெளிவருமுன்னரே கண்டறிந்தது. குறை அன்றே திருத்தப்பட்டது. 2025 ஓகஸ்ட் மாதத்தில் தார்ப்பா நடத்திய புதிய போட்டியின் இறுதியில், பொறிகள் போட்டிக்கென வைக்கப்பட்ட குறைகளையன்றி, எவரும் அறியாதிருந்த உண்மையான குறைகள் பதினெட்டையும் கண்டன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மனிதரிடம் தோற்ற கலை, இந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆயின், காவலன் கையிலுள்ள விளக்கு கள்வனுக்கும் வழிகாட்டும். 2025 நவம்பரில், செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை ஆக்கும் அந்திரோப்பிக் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அரச ஆதரவுடைய சீனக் குழுவொன்று தமது பொறியையே ஏவி, ஏறக்குறைய முப்பது நிறுவனங்களையும் அரச அமைப்புகளையும் தாக்க முயன்றது என்றும், அவற்றுட் சிலவற்றிலே வெற்றியும் கண்டது என்றும், பணியின் பெரும்பகுதியைப் பொறியே செய்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பாதுகாப்புச் சோதனை நடத்துவதாகப் பொய்கூறியே அக்குழு பொறியை இணங்கச் செய்ததாம். அப்பொறி சிலவேளைகளில், பெறாத கடவுச்சொல்லைப் பெற்றதாகத் தானே கற்பித்துக் கூறித் தன் தலைவரையே ஏமாற்றியதாகவும் அறிக்கை குறிப்பிட்டது. பொறியும் பிழை விடுகிறது. ஆனால் அப்பிழையில் நம்பிக்கை வைத்துக் கதவைத் திறந்துவைத்தல் ஆகாது.

இவை யாவும் பெருநிறுவனங்களின் கதையென்று சிறு வணிகர் ஒதுங்கியிருத்தல் தகாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருளொன்று தாக்கிற்று. மே 17ஆம் நாளுக்கும் ஓகஸ்ட் 26ஆம் நாளுக்கும் இடைப்பட்ட கடிதங்கள், வேறிடத்திற் படி எடுத்து வைக்கப்படாமையால் அழிந்தன. கணக்கேட்டுக்கு ஒரு படியை வேறு பெட்டியில் வைத்துப் பூட்டும் பழைய செட்டியாரின் வழக்கத்தை இன்றைய அலுவலகங்கள் கைவிட்டதன் விலை அது.

வணிகருக்கு வேண்டிய காவல், எனவே, இருபாலது. பொறியின் பணியைப் பொறியிடம் விடுதல் ஒன்று. பல்லாயிரம் கொடுக்கல் வாங்கல்களுள் வழக்கத்துக்கு மாறானதைக் கணப்பொழுதிற் காணுதல் மனிதராலாகாது. மற்றையது மனிதரின் பணி. பணம் கேட்டு யார் அழைப்பினும், முன்னரே குறித்துவைத்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்தல். பெருந்தொகைக்கு இருவர் ஒப்பம் வேண்டுமென விதித்தல். "உடனே, இரகசியமாக" என்னும் சொற்களைக் கேட்டதும் விரைவைக் குறைத்தல். ஏடுகளின் படியைத் தனியே வைத்தல். இவற்றுள் எதுவும் புதிய அறிவியல் அன்று. தலைமையாளர் செய்யவேண்டியது ஒன்றுண்டு: தம்மையே ஐயுற்று வினவும் எழுதுவினைஞரைச் சினவாதிருத்தல். மேலதிகாரியைக் கேள்வி கேட்க அஞ்சும் அலுவலகமே கள்வனுக்கு உகந்த அலுவலகம்.

2016இல் இரண்டு கோடி டொலரைக் காத்தது எழுத்துப் பிழையென்று உலகம் கூறுகிறது. சற்று ஆழ்ந்து நோக்கின் அஃது அவ்வளவு சரியன்று. பிழையைக் கண்டும் காணாததுபோல் அனுப்பியிருப்பின் பணம் போயிருக்கும். கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சரிதானா?" என்று வினவியதே அப்பணத்தைக் காத்தது. பிழை, வினாவுக்கு ஒரு வாய்ப்பாக மட்டுமே அமைந்தது. இனிவரும் கள்வர் அவ்வாய்ப்பைத் தாமாகத் தரமாட்டார். பிழையற்ற கடிதத்தைக் கண்டபோதும் வினவும் பழக்கத்தை வணிக உலகம் பயிலுமாயின், ஓய்வு பெற்றுப்போன அப்பழைய காவலனின் இடம் வெறுமையாய் இராது.