வேடம் கட்டிய வீரர்கள்

உச்சி முதல் பாதம் வரை மூடும் உடைக்குள் ஒரு மனிதர் நுழைகிறார். வீரனாகவோ அரக்கனாகவோ மாறிக் கேமரா முன் சண்டையிடுகிறார். சுற்றிலும் மரத்தாலும் பிளாஸ்டராலும் கட்டிய பொம்மை நகரம் இடிந்து விழுகிறது. இப்படி எடுக்கப்படும் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஜப்பானியர் ‘தொகுசாட்சு’ என்பார்கள். தனிவகைப் படப்பிடிப்பு என்பது அதன் பொருள். பழைய தமிழ்ப் படங்களின் எழுத்துப் பட்டியலில் ‘தந்திரக் காட்சிகள்’ என்று ஒரு வரி வருமே, அதற்கு மிக நெருக்கமான சொல் இது.

இந்தக் கலையின் தொடக்கம் 1954 நவம்பர் 3 அன்று வெளியான ‘கோட்ஸில்லா’. தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பு, இஷிரோ ஹோண்டாவின் இயக்கம். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு நாட்டை மீண்டும் உலுக்கிய அந்த அச்சத்திலிருந்துதான் கடலுக்கடியில் உறங்கிய அரக்கன் எழுந்து வந்தான்.

படத்தின் தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்றவர் எய்ஜி சுபுராயா. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் போல, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடிக்கத்தான் அவர் விரும்பினார். அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ரப்பர் உடை தைத்து அதற்குள் ஆளை இறக்கினார். அப்படி இறங்கிய ஹருவோ நகாஜிமா, அரக்கனின் நடை எப்படி இருக்க வேண்டும் என்று அறிய உயிரியல் பூங்காவுக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தார். முதலில் செய்த உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. விளக்குகளின் வெக்கையில் சில நிமிடங்களுக்கு மேல் அதற்குள் இருக்க முடியாது. சண்டையை வழக்கத்தைவிட வேகமாக ஓடும் கேமராவில் பதிவு செய்து, இயல்பான வேகத்தில் திரையிட்டார்கள். அசைவு மெதுவானது, மெதுவானதால் கனத்தது. கண்ணெதிரே ஒரு மலை நடந்து வருவதுபோல் இருந்தது.

அதே ஆண்டில் கோயம்புத்தூரில்

அதே 1954இல் கோயம்புத்தூரின் பட்சிராஜா ஸ்டூடியோவிலிருந்து ‘மலைக்கள்ளன்’ வெளியானது. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவலுக்கு மு. கருணாநிதி வசனம் எழுத, எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கினார். எம்.ஜி.ஆர். ஏற்ற நாயகன் பகலில் செல்வந்த வணிகர், இரவில் மலைக்கள்ளன். இரண்டு வேடத்துக்கும் அடியில் அவனுடைய உண்மையான பெயர் வேறு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். அடுத்த ஆண்டே நாயுடு அந்தக் கதையைத் திலீப் குமாரை வைத்து ‘ஆசாத்’ என்று இந்தியில் எடுத்தார். தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் கதை போனது.

ஊருக்கு நல்லது செய்பவன் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறான் என்ற கதை எந்த மொழிக்கும் எளிதாகப் பெயரும். டோக்கியோவும் கோவையும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காலத்தில் வேடத்தை நம்பிக் கதை சொல்லின. ஜப்பானில் அந்த வேடம் தனி மரபாக வளர்ந்து, பிறகு தொலைக்காட்சிக்குள் புகுந்தது.

நிலவொளி முகமூடி முதல் ஐவர் படை வரை

ஜப்பானியத் தொலைக்காட்சியின் முதல் முகமூடி வீரன் ‘கெக்கோ காமென்’, அதாவது நிலவொளி முகமூடி. 1958 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய தொடர் அது. வெள்ளை உடை, தலைப்பாகை, கருப்புக் கண்ணாடி, தோளில் மேலங்கி, மோட்டார் சைக்கிள். கதையை எழுதிய கோஹான் கவாஉச்சி, பௌத்த மரபின் சந்திரப்பிரபா போதிசத்துவரிடமிருந்து அவனை உருவாக்கினார். அதனால் அவன் பகைவனை வெறுப்பதில்லை, கொல்வதில்லை, மன்னிக்கிறான்.

1966இல் சுபுராயாவின் நிறுவனம் ‘அல்ட்ராமேன்’ தொடரைக் கொண்டுவந்தது. வேற்றுலகிலிருந்து வந்த வெள்ளியும் சிவப்புமான பேருருவன். ஓவியர் தோரு நரிதா அவனுக்குப் பழங்காலச் சிலைகளின் மெல்லிய புன்னகையைக் கொடுத்தார். பூமியில் அவனால் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் நிற்க முடியும். நேரம் குறையக் குறைய மார்பிலுள்ள விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாகி மினுக்கும். எல்லையில்லாத வலிமை உள்ளவனிடம் குழந்தைக்குக் கவலைப்பட எதுவும் இல்லை. மூன்று நிமிடம் மட்டுமே தாங்கும் வலிமையைத்தான் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது.

1971 ஏப்ரல் 3 அன்று ‘காமென் ரைடர்’ தொடங்கியது. படக்கதை ஓவியர் ஷோதாரோ இஷினோமோரியின் படைப்பு, தோஎய் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு தீய கும்பல் இளைஞன் ஒருவனைப் பிடித்து, அறுவை செய்து, வெட்டுக்கிளி மனிதனாக மாற்றுகிறது. மனம் மாற்றப்படும் முன்பே தப்பிக்கும் அவன், அவர்கள் கொடுத்த உடம்பைக் கொண்டே அவர்களை எதிர்க்கிறான். தன் வலிமையே தனக்கு நேர்ந்த கொடுமையின் தழும்பு என்று அறிந்த வீரன் அவன்.

உடைக்குள்ளும் தானே நடித்து வந்த நாயகர் ஹிரோஷி ஃபுஜியோகா, தொடக்கப் பகுதிகளின் படப்பிடிப்பிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். தொடரை நிறுத்தாமல் இரண்டாம் ரைடராகத் தகேஷி சசாகியைக் கொண்டுவந்தார்கள். முதல் ரைடர் வண்டியில் வேகமெடுக்கும்போது உருமாறுவான். சசாகியிடமோ வண்டி ஓட்டும் உரிமம் இல்லை. நின்ற இடத்திலேயே கைகளை வீசி, ஒரு நிலையில் நிறுத்தி, ‘ஹென்ஷின்’ என்று கூவி மாறும் வழக்கம் அப்படித்தான் வந்தது. உருமாற்றம் என்பது அந்தச் சொல்லின் பொருள். விபத்துக்குத் தேடிய மாற்றுவழி ஜப்பான் நாடெங்கும் பிள்ளைகளின் விளையாட்டானது.

அதே இஷினோமோரியின் கற்பனையில் 1975 ஏப்ரல் 5 அன்று ‘கோரெஞ்சர்’ வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என ஐந்து நிறத்தில் ஐந்து பேர். 84 பகுதிகள் ஓடிய இந்தத் தொடர்தான் ‘சூப்பர் சென்டாய்’ என்ற நீண்ட வரிசையின் தலைமகன். 1978இல் தோஎய் எடுத்த ‘ஸ்பைடர்மேன்’ தொடரில் நாயகனுக்கு ஒரு ராட்சத ரோபோ இருந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, மறு ஆண்டு முதல் சென்டாய் வீரர்களுக்கும் ராட்சத ரோபோ கிடைத்தது.

திரைக்குப் பின்னால் நிற்கும் வேடம்

சென்டாய் வீரர்கள் சண்டைக்கு முன் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, உடம்பை ஒரு நிலையில் நிறுத்துவார்கள். எதிரி அதுவரை காத்திருப்பான். புதிதாகப் பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும் இந்த வழக்கத்தின் வேர் கபுகி நாடகத்தில் இருக்கிறது. 1862இல் கவாதகே மொகுஆமி எழுதிய நாடகம் ஒன்றில் ஐந்து திருடர்கள் குடையுடன் வரிசையில் நின்று தத்தம் பெயரையும் வரலாற்றையும் முழங்குவார்கள். அந்த மேடைக் காட்சியே தொலைக்காட்சியில் நிறம் மாறி நிற்கிறது.

தமிழருக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஏறினால் போய்ச் சேரும் மாவட்டத்தில் இன்றும் கூத்து விடிய விடிய நடக்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடம் மட்டும் மேலே தெரியும். கட்டியங்காரன் யார் என்று கேட்பான். துரியோதனனோ கர்ணனோ தன் பெயர், குலம், வீரம் எல்லாம் சொன்ன பிறகே திரை விலகும். அதுவரை சபை காத்திருக்கும். பேர் சொல்லி வருவதுதான் வேடத்துக்கு மரியாதை.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண். சென்டாயின் இளஞ்சிவப்பு உடைக்குள்ளும் நெடுங்காலம் ஆண் சண்டைக் கலைஞர்களே இருந்தார்கள். கூத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் ஏறிய பிறகு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வேடத்தின் பெயரால் அழைப்பது போல, ஜப்பானிலும் உடைக்குள் இருந்தவரின் முகம் பார்வையாளருக்குத் தெரியாமலே போனது. 2001 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ரைடர் நாயகர்களின் உடைக்குள் பெரும்பாலும் இருந்தவர் செய்ஜி தகாஇவா என்ற ஒரே கலைஞர். முகம் இல்லாமல், தோளின் சாய்விலும் தலையின் அசைவிலும் அச்சத்தையும் துக்கத்தையும் காட்டியவர் அவர். அந்த உழைப்பைப் பெயர் சொல்லி வணங்குவது ரசிகரின் கடமை.

இந்தியாவுக்கு வந்த ஜப்பானிய வீரன்

கதையளவில் இந்தியா அங்கே 1972லேயே நுழைந்துவிட்டது. கவாஉச்சியின் ‘ரெயின்போமேன்’ தொடரின் நாயகன், தங்கையின் காலைக் குணப்படுத்தப் பணம் சேர்க்க வலிமை தேடி இந்திய மலைக்கு வருகிறான். தேவதத்தர் என்ற முதிய யோகியிடம் ஏழு உருவங்களைக் கற்கிறான். நிலவு, நெருப்பு, நீர், மரம், பொன், மண், சூரியன் ஆகியவை அந்த ஏழு. ஜப்பானிய மொழியில் கிழமைகளின் பெயரும் இவைதான். திங்களுக்கு நிலவும் ஞாயிறுக்குச் சூரியனும் அங்கேயும் அப்படியே நிற்பதைத் தமிழ் வாசகர் உடனே கண்டுகொள்வார்.

1974இல் சுபுராயா நிறுவனமும் தாய்லாந்தின் சாய்யோ நிறுவனமும் சேர்ந்து அனுமனையும் அல்ட்ரா சகோதரர்களையும் ஒரே படத்தில் நிறுத்தின. புத்தர் சிலையின் தலையைத் திருடும் கும்பலைத் தடுக்கும் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அல்ட்ரா உலகத்தினர் அவனை அனுமனாக உயிர்ப்பிக்கிறார்கள். பூமியை வாட்டும் சூரியனிடம் அனுமன் நேரில் போய்ப் பேசுகிறான். சிலைத் திருட்டு என்றால் என்னவென்று அறிந்த தமிழ்நாட்டுக்கு அந்தச் சிறுவனின் கோபம் புரியும். பின்னாளில் அல்ட்ராமேனின் வெளிநாட்டு உரிமை குறித்து இரு தரப்புக்கும் பல நாடுகளில் வழக்கு நடந்தது.

வீட்டுத் திரையில்

ஜப்பானிய வேட வீரனை இந்தியப் பிள்ளைகள் பரவலாகப் பார்த்தது 1980களின் நடுவில், தூர்தர்ஷனில். ‘ஜயண்ட் ரோபோட்’ என்ற அந்தத் தொடர் மிட்சுதெரு யோகோயாமாவின் படக்கதையை ஒட்டி 1967-68இல் 26 பகுதிகளாக எடுக்கப்பட்டது. ஆங்கிலக் குரலில் சிறுவன் தைசாகுவின் பெயர் ஜானி சோக்கோ ஆகியிருந்தது. மணிக்கட்டுக் கடிகாரத்தில் அவன் பேசினால் எகிப்திய மன்னனின் முகம் கொண்ட ராட்சத ரோபோ பறந்து வரும். அது வேறு யார் குரலுக்கும் பணியாது. கடைசிப் பகுதியில் மட்டும் சிறுவனின் கட்டளையையும் மீறி எதிரியைத் தூக்கிக்கொண்டு விண்ணுக்குப் பறந்து, எரிகல்லில் மோதி அழிகிறது. சொன்னதைச் செய்யும் இயந்திரம், சொல்லாத ஒரு தியாகத்தைச் செய்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தலைமுறை அதைச் சொல்லிக் கலங்குவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

1997இல் முகேஷ் கன்னாவின் ‘சக்திமான்’ தூர்தர்ஷனுக்கு வந்தது. யோகத்தால் உடம்பின் சக்கரங்களை எழுப்பி வலிமை பெற்றவன் அவன். ஜப்பானியக் கதாசிரியர் இந்திய மலையில் தேடியதை, இந்தியத் தொடர் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இதற்குள் வேறொரு வேலை நடந்திருந்தது. ஹைம் சபான் என்ற தயாரிப்பாளர் 1992இன் சென்டாய் தொடரான ‘ஸ்யூரெஞ்சர்’ காட்சிகளை வாங்கி, முகமூடி இல்லாத பகுதிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டினார். 1993 ஆகஸ்ட் 28 அன்று ‘பவர் ரேஞ்சர்ஸ்’ பிறந்தது. முகம் தெரியாத வேடம் என்பதால்தான் இந்த ஒட்டு நின்றது.

2004 டிசம்பரில் டூன் டிஸ்னி அலைவரிசை இந்தியாவில் தமிழ் ஒலியுடனும் தொடங்கியபோது, அதன் ஜெட்டிக்ஸ் பகுதி வழியாகப் பவர் ரேஞ்சர்ஸ் தமிழ் பேசியது. எஸ்.பி.டி., மிஸ்டிக் ஃபோர்ஸ் வரிசைகளை இன்றைய இளைஞர்கள் தமிழிலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளை பார்த்த சிவப்பு வீரனின் உடம்பு ஜப்பானியச் சண்டைக் கலைஞருடையது, முகம் நியூசிலாந்தில் படமான நடிகருடையது, குரல் தமிழருடையது. மூன்று நாட்டு உழைப்பு ஒரே வேடத்துக்குள் குடியிருந்தது.

ஊர்க்காவல் தெய்வத்தின் வேடம்

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் தமிழ்ச் சினிமாவும் முகமூடி நாயகனைத் தேடத் தொடங்கியிருந்தது. 2012இல் மிஷ்கினின் ‘முகமூடி’, 2019இல் பி.எஸ். மித்ரனின் ‘ஹீரோ’, 2023 ஜூனில் ஏ.ஆர்.கே. சரவணின் ‘வீரன்’. கோவையில் வளர்ந்த ஹிப்ஹாப் ஆதி நாயகனாக நடித்த ‘வீரன்’, பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்ச் சாயலில் அமைந்த கதை. மின்னல் தாக்கி வலிமை பெற்ற இளைஞன், ஊருக்கு ஆபத்தான ஒரு மின் திட்டத்தை எதிர்க்க வேண்டும். உடைக்கு அவன் வெளிநாட்டைப் பார்க்கவில்லை. ஊர்க்காவல் தெய்வமான வீரனின் வேடத்தைக் கட்டிக் குதிரையேறி வருகிறான்.

அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடும் கொங்கு மண்ணில், கோயில் வாசல்தோறும் மண்குதிரை நிற்கும் ஊர்களில், அந்த வேடம் யாருக்கும் விளக்கம் தேவைப்படாதது. ஜப்பானியர் போதிசத்துவரிடமும் கபுகி மேடையிலும் எடுத்த முகமூடியைக் கொங்குச் சினிமா தன் எல்லைச்சாமியிடம் எடுத்துக்கொண்டது.

(தொடரும்)