சாட்சியாக ஒரு சுவர்: திருச்சபை, அரசு, சாதி – சில குறிப்புகள்

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அப்பாவின் சான்றிதழில் 'கிறித்தவ ஆதிதிராவிடர்' என்றிருந்தது. அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சித்தப்பாவின் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்'. கோவில் பதிவேட்டில் அவருக்கு ஒரு புனிதரின் பெயர், பள்ளிக்கூட டி.சி.யில் முருகனின் பெயர். "வேலைக்காக ஆண்டவர மறுதலிச்சுட்டான்" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். "ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு, தாலுகா ஆபீசுதான் கோவிச்சுக்கும்" என்பார் சித்தப்பா.

இருவரும் இப்போது இல்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் உண்டு. இருவரும் சுவருக்கு இந்தப் பக்கம், ஒரே வரிசையில் கிடக்கிறார்கள். அரசாங்கம் ஒருவரை இந்து என்றும் மற்றவரைக் கிறித்தவர் என்றும் பிரித்தது. சுவருக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. இருவரும் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

'திருச்சபைப் புதுப்பித்தல்', 'அனைவரையும் உள்ளடக்குதல்' போன்ற சொற்கள் கருத்தரங்குகளில் புழங்குகின்றன. நல்ல சொற்கள்தான். ஆனால் உள்ளே இருப்பவர்களையே வெளியே வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு எப்படி நியாயமாக்கப்பட்டது என்ற வரலாற்றைப் பேசாமல் இச்சொற்களைப் பயன்படுத்துவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாகவே முடியும்.

1

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றைச் சமயக் குறிகளாகப் பார்க்காமல் சமூக ஆசாரங்களாக வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி மூடநம்பிக்கை கலவாமல் இருந்தால் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என அனுமதித்தார். உயர்குடியினர் தாழ்ந்தவர்களை இகழக்கூடாது என்ற அறிவுரையும் அதே ஆணையில் இருந்தது. அனுமதி நடைமுறையாயிற்று. அறிவுரை அறிவுரையாகவே நின்றுவிட்டது. 1640 முதல் பிராமணர்களுக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி வேடத்தில் இன்னொரு குரு என்று பணியே இரண்டாகப் பிரிந்தது.

சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குரு நுழையலாமா என்ற கேள்வி ரோமாபுரிவரை போனதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் அதற்குக் கிடைத்த தீர்வு, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பது. நுழைய மறுத்தவர் மாற வேண்டியதில்லை. நுழைவதற்கு வேறு ஆளைப் போட்டால் போதும்!

புராட்டஸ்டண்ட் தரப்பு இதில் ரொம்ப யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், வேளாளர். உபதேசியாராகத் திறமையோடு உழைத்த ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதியார் மறுப்பார்கள் என்பதால் அவருக்குப் பட்டம் தரப்படவில்லை. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் என்று நம்பியவர்களுக்குக்கூட, கொடுக்கிற கை யாருடைய கை என்பதே பெரிதாகப் பட்டிருக்கிறது. நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் எனச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைப் பகுதி வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய வாதமும் நொபிலியின் வாதமேதான்: சாதி சமூக ஆசாரம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லாதது.

இந்தச் சொல்லாடலின் தந்திரம் எளிமையானது. சாதியைச் சமயத்திற்கு வெளியே நிறுத்திவிட்டால், சமயம் மாறினாலும் அதைத் தொட வேண்டியதில்லை.

2

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் இந்தச் சொல்லாடல் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் எழுந்து நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம் கால்சட்டை மாதிரி இரண்டு கால்களாகப் பிரிந்த கட்டிடம். ஒரு காலில் பிள்ளைமாரும் முதலியாரும், இன்னொரு காலில் நாடார் முதலிய மற்றவர்கள். இரண்டும் கூடும் இடத்தில் பீடம். பூசை வைக்கும் குரு இரண்டு பக்கத்தாருக்கும் தெரிவார். ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாருக்குத் தெரியமாட்டார்கள். கடவுளைப் பார்க்கலாம், பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது. பார்வையை ஒழுங்குபடுத்துவதன் வழியாக உடல்களை ஒழுங்குபடுத்துவது பற்றிக் கோட்பாட்டு நூல்களில் படிக்கிறோம். அதற்கு இதைவிடத் தெளிவான பிரதி தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

1745இல் நீலகண்டன் என்பவர் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்தில்தான். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்ட அவர் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் நீக்கியிருந்தது. புனிதரின் பெயரிலிருந்து சாதியை எடுக்க 270 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. சாதாரண விசுவாசியின் கல்லறையிலிருந்து எடுக்க எவ்வளவு பிடிக்குமோ!

வடக்கன்குளத்துச் சுவரை 1910இல் கௌசானல் அடிகள் இடித்தார். இதை ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் மனமாற்றமாக மட்டும் எழுதுவது சரியல்ல. மறுபக்கத்தில் நின்றவர்கள் எண்ணிக்கையிலும் கல்வியிலும் பொருளிலும் வளர்ந்திருந்தார்கள். சுவரைத் தாங்கிக்கொண்டிருந்த உறவுகள் ஏற்கனவே விரிசல் விட்டிருந்தன. கலவரம் வந்தது, பிறகு வழக்கு வந்தது. தங்கள் உரிமை பறிபோனதாக வேளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. வரலாற்றாசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இந்த விவகாரத்தை ஆராய்ந்து நூலாகவே எழுதியிருக்கிறார்.

3

இப்போது அரசின் பக்கம் வருவோம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. இந்த ஆணையின் தர்க்கம், சாதி இந்துச் சமயத்தைச் சார்ந்தது, சமயத்தைவிட்டுப் போனவனைச் சாதியும் விட்டுப்போகும் என்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சபை சொன்னது: சாதி சமூகம் சார்ந்தது, எனவே கோவிலுக்குள்ளும் இருக்கலாம். அரசு சொல்கிறது: சாதி சமயம் சார்ந்தது, எனவே கோவிலுக்குள் இருக்க முடியாது. நேர் எதிரான இரண்டு தர்க்கங்கள். இரண்டும் ஒரே ஆளின் முதுகில்தான் வந்து விழுகின்றன.

சூசை வழக்கு இதை அப்பட்டமாக்கியது. அவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. சூசை கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கிறித்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்பது காரணம்.

சாட்சியமா இல்லை? தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களுக்கு ஒரு நடை போய் வந்திருந்தால் போதுமே. இங்கேதான் திருச்சபையின் சங்கடம் தொடங்குகிறது. தலித் கிறித்தவருக்கு உரிமை கேட்டுப் போகும் ஆயர், தன் மறைமாவட்டத்தில் தீண்டாமை இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும். டில்லியில் மனு கொடுக்கும்போது 'இருக்கிறது' என்றும், பங்கில் பிரசங்கம் வைக்கும்போது 'கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று' என்றும் பேசவேண்டியிருக்கிறது. மனுவில் சொன்னதை அறிக்கைத் தொட்டியில் முழங்காலிட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம். புதுப்பித்தல் என்று ஒன்று இருக்குமானால் அது அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

4

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை தமிழுக்கு வந்தது. 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார்.

ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருங்கியவர்களை 'உள்ளடக்குவது' என்றால் என்ன பொருள்? வீட்டுக்காரர்களை வீட்டுக்குள் வாங்க என்று அழைப்பதா?

2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததை இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவில்லை. தாங்கள் எழுப்பிய சகாயமாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அங்கீகரிக்கக் கேட்டார்கள். அதற்கே அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தார்கள். பிரிந்துபோக விடமாட்டோம் என்று நின்றவர்கள் சமத்துவத்துக்காக நிற்கவில்லை. கீழே ஒருவன் இல்லாமல் மேலே இருக்க முடியாது, அவ்வளவுதான். விருந்தாளியாக இருக்க மறுத்ததை 'பிரிவினை' என்று சொல்வது எஜமானனின் மொழி.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு (பறட்டை) 2005இல் மறையும்வரை இதற்கு எதிரான ஒரு மொழியை உருவாக்கினார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் கொண்டுவந்ததை ஒன்றாகப் பொங்கித் தின்பதை 'ஒரு ஒலை' என்று பேச்சு வழக்கிலேயே இறையியல் ஆக்கினார். இதில் அழைப்பவர் கிடையாது, அழைக்கப்பட்டவர் கிடையாது. உலையில் போட்ட அரிசி யார் வீட்டு அரிசி என்று வெந்தபின் பிரிக்க முடியாது.

மதம் மாறிய தலித்துகளின் பிரச்சினையை ஆராய 2022இல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தபோது, ஊரில் ஒரு நண்பர் சொன்னார்: "நம்ம கல்லறைச் சுவர போட்டோ எடுத்து அனுப்புவோம். அதுவரைக்கும் எவனும் இடிச்சிறாம பாத்துக்கணும். இடிச்சுட்டா சாட்சி போயிரும்." சிரித்தோம். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. உரிமை கிடைக்க வேண்டுமானால் அவமானம் அப்படியே நிற்க வேண்டும் என்கிற இடத்துக்கு ஒரு சமூகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே.

பிறகு அவரிடம் சொன்னேன். போட்டோ எடுப்போம், அனுப்புவோம், மறுநாளே இடிக்கச் சொல்லிக் கேட்போம். வடக்கன்குளத்துச் சுவர் 1910லேயே தரைமட்டமாகிவிட்டது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பில், சிவசுப்பிரமணியனின் புத்தகத்தில் அது இன்றும் நிற்கிறது. சாட்சி சொல்வதற்குச் சுவர் இருக்க வேண்டியதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் இருந்தால் போதும்.