அரிவாளணுச் சோகையின் வரலாறு

நோய்களுள் சில வெளியிலிருந்து நம்மை வந்து பற்றுகின்றன. காலராவும் காசமும் அத்தகையவை. வேறு சில, நாம் பிறக்கும்போதே நம்முடன் பிறக்கின்றன. முதல்வகை நோய்களை வென்ற வரலாற்றைப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. பாஸ்டரின் பெயரை அறியாத மாணவர் இரார். இரண்டாம் வகை நோய்களின் வரலாறு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அவற்றுள் ஒன்றாகிய அரிவாளணுச் சோகையின் காரணம் படிப்படியாக எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இன்று கூற விரும்புகின்றேன். மருத்துவம் பயில்வோரும் பயில விழைவோரும் இதனைக் கருத்தூன்றிக் கேட்பார்களாக.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று கிரனடா. அங்கிருந்து வால்டர் கிளெமெண்ட் நோயல் என்னும் இளைஞர் 1904-ஆம் ஆண்டில் பல் மருத்துவம் கற்பதற்காக அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகருக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையை அடைந்தார். எர்னெஸ்ட் அயர்ன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய குருதியை நுண்பெருக்கியில் நோக்கினார். நலமுடையோரின் சிவப்பணுக்கள் வட்டமாகவும் நடுவில் சற்றே குழிந்தும் இருக்கும். நோயலின் குருதியிலோ பல அணுக்கள் நீண்டு வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல் காணப்பட்டன. அயர்ன்ஸின் மூத்த மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக் இச்செய்தியை 1910-இல் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் தம் கல்வியை முடித்துக் கொண்டு தாயகம் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றினார். 1916-இல் தம் 32-ஆம் வயதில் காலமானார். தம்மை வருத்திய நோயின் காரணத்தை அவர் அறிந்துகொள்ள அக்காலத்தில் வழியில்லை.

அவர் மறைந்த மறுஆண்டு, 1917-இல், விக்டர் எம்மெல் என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். இந்நோயுற்ற ஒரு பெண்ணின் தந்தை நலமாகவே இருந்தார். எனினும் அவருடைய குருதியை உடலுக்கு வெளியே சில நாள் வைத்திருந்தபோது, அதிலும் அணுக்கள் அரிவாள் வடிவம் கொண்டன. நோயில்லாதவரிடமும் நோயின் சாயல் இருக்கக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. 1927-இல் ஹான், கில்லெஸ்பி என்னும் இருவர், பிராணவாயு குறைந்தால் இவ்வணுக்கள் வளைகின்றன என்றும், மீண்டும் கிடைத்தால் பழைய வடிவை அடைகின்றன என்றும் காட்டினர்.

இதனைக் கொண்டு நோயின் போக்கை நாம் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். சிவப்பணு நுரையீரலில் பிராணவாயுவை ஏற்று, உடலெங்கும் கொண்டு சென்று வழங்குகிறது. வழங்கிய பின்னரே வளைகிறது. வளைந்த அணு விறைப்பாக இருப்பதால் நுண்ணிய குருதிக் குழாய்களில் செல்ல மாட்டாமல் அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள உறுப்புக்குக் குருதி செல்வதில்லை. எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் தாங்கவொண்ணாத வலி தோன்றுகிறது. மேலும், நல்ல சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இவ்வணுவோ 10 முதல் 20 நாட்களுக்குள் அழிந்துபடும். அழிவுக்கு ஈடாக உடல் புதிய அணுக்களை உண்டாக்க இயலாமையால் சோகை உண்டாகிறது.

இந்நோய் வழிவழியாக வரும் முறையை ஜேம்ஸ் நீல் 1949-இல் தெளிவுபடுத்தினார். இந்நோய்க்குரிய மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இரண்டும் பழுதாயின் நோய் உண்டாகும். ஒன்று மட்டும் பழுதாயின், அம்மனிதர் அதனைத் தாங்குபவரே அன்றி நோயாளி அல்லர். பொதுவாக நலமாகவே வாழ்வார். எம்மெல் கண்ட தந்தையின் நிலை இதுவே.

வகுப்பில் இதனை விளக்கும்போது இரண்டு நாணயங்களைச் சுண்டிக் காட்டுவது என் வழக்கம். ஒன்று தந்தை, மற்றொன்று தாய். இருவரும் பழுதைத் தாங்குபவர்கள் என்று கொள்க. பூ விழுந்தால் பழுதுள்ள பிரதி, தலை விழுந்தால் நல்ல பிரதி. இரண்டிலும் பூ விழுவது நான்கில் ஒரு பங்கு, அக்குழந்தைக்கே நோய். ஒன்றில் பூவும் மற்றொன்றில் தலையும் விழுவது நான்கில் இரண்டு பங்கு, அக்குழந்தைகள் தாங்குபவர்கள். எஞ்சிய ஒரு பங்கினருக்குப் பழுதே இல்லை. முதற்குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று சில மாணவர் கூறுவதுண்டு. அது பொருந்தாது. முன்பு எது விழுந்தது என்பது நாணயத்திற்கு நினைவிராது. ஒவ்வொரு பேற்றிலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படுகிறது. இருவரிடமிருந்தும் பழுது வந்தாலன்றி இந்நோய் வாராது. ஆகவே, நோயுற்ற பிள்ளையைப் பெற்றாள் என்று தாயை மட்டும் தூற்றுவது அறமும் அன்று, அறிவியலும் அன்று.

அதே 1949-ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங் என்னும் அறிஞரும், இட்டானோ முதலிய அவருடைய துணைவரும், நோயின் வேர் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் இருப்பதை மெய்ப்பித்தனர். மின்புலத்தில் வைத்தபோது நோயாளியின் ஹீமோகுளோபின் நல்ல ஹீமோகுளோபினினின்று வேறுபட்டு நகர்ந்தது. தாங்குபவரின் குருதியில் இருவகையும் கலந்திருந்தன. ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறே காரணம் என்று காட்டப்பட்டது அப்பொழுதுதான். பின்னர், கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அம்மூலக்கூற்றைச் சிறு துண்டுகளாக்கி ஆராய்ந்தார். ஏறத்தாழ 30 துண்டுகளுள் ஒன்று மட்டுமே மாறுபட்டிருந்தது. அதில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்னும் பொருள் இருந்ததை 1957-இல் அறிவித்தார். 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஆறாவது மணி மாறியதன் விளைவே இத்துணைத் துன்பமும். மரபணுவில் அது ஒரே ஓர் எழுத்தின் மாற்றம்.

இவ்வளவு கொடிய பழுது தலைமுறைதோறும் அழியாது நிற்பானேன்? அந்தோணி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954-இல் விடை கூறினார். பழுதின் ஒரு பிரதியை மட்டும் தாங்குபவர்களைக் கொடிய மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. ஆகவே, மலேரியா மிகுந்த நாடுகளில் ஒரு பிரதி காப்பாக நின்றது. இரு பிரதிகள் நோயாக வந்தன. நம் நாட்டிலும் இந்நிலை உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாளணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். நடு இந்தியாவின் பழங்குடி மக்களிடையேயும் இந்நோய் பரவலாக உள்ளது. ஒரு மக்கட் கூட்டம் மலேரியாவோடு நெடுங்காலம் போராடி வாழ்ந்ததன் தழும்பு இது; அவர்கள் குலத்தின் தாழ்வைக் காட்டும் அடையாளம் அன்று.

இவ்வுண்மையை மறந்தால் அறிவே தீங்காக முடியும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில, கறுப்பின மக்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கின. தாங்குபவர் யார், நோயாளி யார் என்ற வேறுபாடு தக்கவாறு விளக்கப்படவில்லை. நலமாயிருந்த பலர் நோயாளிகளாகக் கருதப்பட்டு, வேலையும் காப்புறுதியும் மறுக்கப்பட்டனர். அந்நாட்டு வானப்படைக் கல்விக்கழகத்தில் தாங்குபவர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதி 1981 வரை நீடித்தது. சோதனையில் பிழையில்லை, விளக்கம் இன்றிச் சோதித்ததே பிழை.

காரணம் தெரிந்துவிட்டதால் நோயாளிக்கு உடனே நலம் விளைந்ததா? இல்லை. இங்கிராமின் கண்டுபிடிப்புக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், 1986-இல், ஓர் எளிய மருந்து பெருந்துணையாயிற்று. இந்நோயுற்ற குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தபோது, அவர்கள் உயிரைக் குடித்துவந்த நிமோனியாக் கிருமித் தொற்று 84 விழுக்காடு குறைந்தது. ஆனால், குழந்தை பிறந்த உடனே நோயை அறிந்தால்தான் அம்மருந்தை வேளையோடு தொடங்க இயலும். வலியின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ராக்சியூரியாவுக்கு 1998-இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு இசைவளித்தன. கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்வது அம்முறை. அது வியத்தகு வெற்றியே. எனினும் அமெரிக்காவில் ஒருவருக்கு அதன் விலை 22 இலட்சம் டாலர். மலையடிவாரத்துச் சிற்றூரில் பிறக்கும் குழந்தைக்கு அச்சிகிச்சை எட்டும் நாள் வரும்வரை, குருதிச் சோதனையும் பெனிசிலினும் தடுப்பூசியும் தூய நீரும் வேளைக்கு எட்டுமாறு செய்வதே மருத்துவத்தின் முதற்கடன். இந்திய அரசு 2047-ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலை 1-ஆம் நாள் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் வெற்றி, சோதனை செய்யப்பட்டோரின் தொகையை மட்டும் பொறுத்ததன்று. சோதித்தவர் எவ்வாறு எடுத்துரைத்தார் என்பதையும் பொறுத்தது.

மாணவர்களே! நாளை நீங்கள் மருத்துவராகி ஓர் ஊருக்குச் செல்வீர்கள். ஓர் இளம்பெண்ணின் குருதியைச் சோதித்து, அவள் பழுதின் ஒரு பிரதியைத் தாங்குபவள் என்று காண்பீர்கள். அச்செய்தியைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு உங்கள் பணி முடிவதில்லை. அவள் நோயாளி அல்லள் என்பதையும், மணம் செய்துகொள்ளத் தடை இல்லை என்பதையும், மணமகனின் குருதியையும் சோதித்துக் கொள்வதன் பயனையும், அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில், அவர்கள் ஐயம் தீரும்வரை, அமர்ந்து சொல்லுங்கள். அவள் பெயரை ஊரார் அறியாதவாறு காத்துக் கொள்ளுங்கள். நுண்பெருக்கியில் அரிவாளைக் காண ஒரு மணிப்பொழுது போதும். இதனைச் சொல்லக் கற்பதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியையும் உங்கள் படிப்பின் பகுதியாகக் கொள்ளுங்கள்.